ஸ்கேனில் தெரிவது பரவலா, ரத்தக்குழாயா? அடுத்த பரிசோதனையை எப்படித் தேர்ந்தெடுப்பது

புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு எடுக்கும் சி.டி. ஸ்கேனில் சில சமயம் யாரும் எதிர்பார்க்காத ஒரு வரி வந்து நிற்கும். கல்லீரலில் 1.4 செ.மீ. புள்ளி, அல்லது முதுகெலும்பில் வெள்ளையாக ஒரு திட்டு, அல்லது நுரையீரலின் அடிப்பகுதியில் ஒரு முடிச்சு; "புற்றுநோய்ப் பரவலாக இருக்க வாய்ப்புண்டு." இந்த ஒரு வரியில் இரண்டாம் நிலை நோய் நான்காம் நிலை ஆகிவிடும். குணப்படுத்தவென்று திட்டமிட்ட அறுவை சிகிச்சை நின்றுபோகும். நோயை முடிந்தவரை கட்டுக்குள் வைக்கும் கீமோ என்று பேச்சு மாறும்.

அப்படி எழுதப்படும் புள்ளிகளில் நிறைய உண்மையிலேயே பரவல்தான். ரிப்போர்ட்டை நம்பாதீர்கள் என்று சொல்வதல்ல நோக்கம். ஆனால் ரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட சில அமைப்புகள், பிறவியிலேயே வந்தவையும் பின்னால் உண்டானவையும், ஸ்கேனில் பரவலைப் போலவே தெரியும். கல்லீரலிலும் முதுகெலும்பிலும் வரும் ஹீமாஞ்சியோமா (ரத்தக்குழாய்கள் திரண்ட தீங்கற்ற கட்டி), நுரையீரலில் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துகொள்ளும் ஏ.வி.எம்., மூளையின் கேவர்னோமா (மெல்லிய ரத்தக்குழாய்களின் கொத்து), இடம் மாறி ஓடும் பெருஞ்சிரை, அடைபட்ட சிரையைச் சுற்றிக்கொண்டு போகும் கிளைச் சிரைகள் எல்லாம் இந்த வகை. சந்தேகம் வந்ததும் குடும்பத்தார் முன்னால் வைக்கப்படுபவை பெரும்பாலும் இரண்டு வழிகள்: "பெட் ஸ்கேன் எடுத்துவிடலாம்" அல்லது "ஊசி போட்டு பயாப்ஸி பார்த்துவிடலாம்." இவை இரண்டையும் விடச் சுலபமான, பல சமயம் தெளிவான பதில் தரக்கூடிய வழிகள் இருக்கின்றன. எது முதலில் என்பதைப் புள்ளி எந்த உறுப்பில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்க வேண்டும். ஸ்கேனின் விலையோ பெயரோ அல்ல.

பழைய ஃபிலிம், அதே ஸ்கேனின் மறுவாசிப்பு

முதல் வழிக்கு ஏறக்குறைய செலவே இல்லை. பீரோவில் கிடக்கும் பழைய ஸ்கேனைத் தேடி எடுப்பது. 2020, 2021-இல் கொரோனாவுக்காக நெஞ்சு சி.டி. எடுத்தவர்கள் சென்னையில் ஏராளம். அந்த ஸ்கேனில் நுரையீரல் முழுவதும், மார்பு முதுகெலும்புகள், கல்லீரலின் மேல்பகுதி எல்லாம் பதிவாகியிருக்கும். சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த வயிற்று சி.டி.யில் கல்லீரலும் இடுப்பு முதுகெலும்பும் நுரையீரலின் அடிநுனியும் இருக்கும். இன்று சந்தேகத்துக்கு ஆளான புள்ளி நாலைந்து வருடங்களுக்கு முன்பே அதே இடத்தில் அதே அளவில் இருந்திருந்தால், அது தரும் உறுதியை வேறு எந்தப் பரிசோதனையும் எளிதில் தந்துவிடாது. நியூரோஎண்டோக்ரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வருவது), சில தைராய்டு புற்றுநோய்கள் போல மிக மெதுவாக வளரும் நோய்களில் மட்டும் இந்த வாதம் பலவீனப்படும்.

அதோடு, இப்போது எடுத்த ஸ்கேனையே இன்னொரு ரேடியாலஜிஸ்ட், முடிந்தால் புற்றுநோய் ஸ்கேன்களையே தினமும் பார்ப்பவர், மறுபடி பார்ப்பது. இதற்கு அச்சடித்த ஃபிலிம் போதாது. ஃபிலிமில் இருப்பவை 5 மி.மீ. கனமுள்ள, தேர்ந்தெடுத்த படங்கள். ரத்தக்குழாயை அதன் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பின்தொடர 1 மி.மீ. அடுக்குகள் வேண்டும். ஸ்கேன் சென்டரில் "டைகாம் வடிவில், மெல்லிய அடுக்குகளோடு, எல்லாக் கட்டங்களும் வேண்டும்" என்று கேட்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ வாங்குங்கள். டைகாம் என்பது ஸ்கேனின் மூலக் கோப்பு; கட்டம் என்பது மருந்து செலுத்திய பின் குறிப்பிட்ட நேரத்தில் எடுத்த படத்தொகுதி. மெல்லிய அடுக்குகளைப் பல இடங்களில் சர்வரிலிருந்து சில வாரங்களில் அழித்துவிடுவார்கள். எனவே உடனே கேட்பது நல்லது. வாட்ஸ்அப்பில் ஃபிலிமைப் படம் பிடித்து அனுப்பிக் கருத்துக் கேட்பது நேர விரயம்.

மறுவாசிப்பு மட்டுமே போதுமான இடமும் உண்டு. இடது விரையில் புற்றுநோய் வந்த இளைஞருக்கு நோய் முதலில் பரவும் நிணநீர் நெறிகள் இருக்கும் இடம், மகாதமனியின் இடப்பக்கம், இடது சிறுநீரகத்தின் மட்டத்தில். அதே இடத்தில் பிறவியிலேயே இரட்டையாக அமைந்த கீழ்ப்பெருஞ்சிரையின் இடது கிளை ஓடலாம். ஒற்றைப் படத்தில் பார்த்தால் ஒன்றரை செ.மீ. உருண்டை, பக்கா நெறிக்கட்டி போல இருக்கும். போதாக்குறைக்கு, ரத்தக்குழாய்களை ஒளிரவைக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி 70 விநாடியில் எடுக்கும் படத்தில் சிறுநீரகத்துக்குக் கீழே உள்ள சிரைகளில் மருந்து இன்னும் சரியாக வந்து சேர்ந்திருக்காது. குழாய் என்று பளிச்சென்று தெரியாது. அடுக்கு அடுக்காகக் கீழே இறங்கினால் அது இடது இடுப்புச் சிரையில் போய்ச் சேரும். மேலே ஏறினால் இடது சிறுநீரகச் சிரையில் முடியும். நெறிக்கட்டி அப்படி நீளாது. இதைக் கண்டுபிடிக்க வேறெந்தப் பரிசோதனையும் வேண்டாம்; பத்து நிமிடக் கவனம் போதும். கீழ்ப்பெருஞ்சிரை பாதியில் நின்று, ரத்தம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் அஸைகஸ் சிரை வழியாக மேலேறும் அமைப்பிலும் இதே குழப்பம், உதரவிதானத்துக்குப் பின்னால் நெறிக்கட்டி என்ற பெயரில் வரும். இப்படியொரு அமைப்பு இருப்பது அறுவை மருத்துவருக்கு எப்படியும் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். தெரியாமல் நெறி அகற்றப் போனால் ரத்தப்போக்கு ஆபத்து.

முதுகெலும்பு: எந்தக் கையில் ஊசி போட்டார்கள் என்று கேளுங்கள்

இந்த வகைத் தவறுகளில் அதிகம் பேசப்படாதது இது. கழுத்துக்குக் கீழே, மேல் மார்பு முதுகெலும்புகளில் இரண்டு மூன்று எலும்புகள் ஸ்கேனில் சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளையாகத் தெரியும். மார்பகம், புராஸ்டேட் புற்றுநோய்களின் எலும்புப் பரவல் அப்படித்தான் இருக்கும் என்பதால் ரிப்போர்ட்டில் அப்படியே எழுதப்படும். சில வாரம் கழித்து எடுத்தால் அந்தத் திட்டுகளே இருக்காது. சிகிச்சையே தராமல் எலும்புப் பரவல் மறையாது.

நடப்பது இதுதான். கீமோ போர்ட்டை (கீமோ செலுத்தத் தோலுக்கடியில் பதிக்கும் குழாய்) சுற்றி ரத்தம் உறைந்தோ, மார்பின் நடுவில் உள்ள கட்டி அழுத்தியோ, கதிர்வீச்சுத் தழும்பாலோ, கையிலிருந்து இதயத்துக்கு வரும் பெரிய சிரை குறுகியிருக்கும். அந்தப் பக்கக் கையில் கான்ட்ராஸ்ட் மருந்தை வேகமாகச் செலுத்தும்போது நேர்வழி அடைபட்டிருப்பதால் மருந்து மார்புச் சுவர், முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைவலை வழியாகச் சுற்றிப்போகும். அந்த வலை எலும்பின் உள்ளே மஜ்ஜையோடு தொடர்புள்ளது. மருந்து எலும்புக்குள்ளேயே தேங்கி, எலும்பு இறுகியது போலக் காட்டும். நிரந்தர அடைப்புகூட வேண்டியதில்லை. இடது கையில் ஊசி போடும்போது இடது பக்கப் பெருஞ்சிரை மார்பெலும்புக்கும் மகாதமனிக்கும் நடுவில் நசுங்கினாலே சிலருக்கு இது நடக்கும்.

இதே நேரத்தில் கல்லீரலிலும் ஒரு பொய்ப்புள்ளி வரலாம். மார்புச் சுவர்ச் சிரைகள் தொப்புள் பக்கச் சிறு சிரைகளோடு சேர்ந்து கல்லீரலின் நான்காம் பிரிவில் மருந்தைக் கொட்டும். அங்கே மட்டும் பளிச்சென்று ஒரு திட்டு. முதுகெலும்பில் வெள்ளைத் திட்டு, கல்லீரலின் முன்பகுதியில் ஒளிரும் திட்டு, மார்புச் சுவரில் புழுப்புழுவாக மருந்து நிறைந்த சிரைகள் இந்த மூன்றும் ஒரே ஸ்கேனில் இருந்தால், பரவல் என்று முடிவுகட்டுமுன் சிரை அடைப்பை நினைக்க வேண்டும். அப்படி அடைப்பு இருப்பது உறுதியானால் அதற்கே சிகிச்சை தேவைப்படலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. முகமும் கையும் வீங்குகிறதா என்று பாருங்கள்.

இங்கே சரியான அடுத்த பரிசோதனை மிக எளியது. அந்தப் பகுதிக்கு மட்டும் மருந்தில்லாமல் ஒரு சி.டி. படுக்கையில் ஐந்து நிமிடம். விரதம் வேண்டாம், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) வேண்டாம், ஊசியும் வேண்டாம். எலும்பு சாதாரணமாகத் தெரிந்தால் விஷயம் முடிந்தது. இதற்கு பெட் ஸ்கேனோ பயாப்ஸியோ தேவையே இல்லை.

எம்.ஆர்.ஐ.யில் சந்தேகம் கிளம்பினால் கதை திரும்பிவிடும். முதுகெலும்பு ஹீமாஞ்சியோமா மிகவும் சாதாரணம். வழக்கமான வகையில் கொழுப்பு அதிகம்; எம்.ஆர்.ஐ.யின் டி1, டி2 என்னும் இரு வகைப் படங்களிலும் வெள்ளையாகத் தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. கொழுப்பு குறைந்த வகை டி1-இல் கறுப்பாகத் தெரிந்து பரவலாகவே வேஷம் போடும். அப்போதும் பதில் அந்த ஒரு எலும்புக்கு மருந்தில்லாத சி.டி.தான்: குறுக்குவெட்டில் தடித்த எலும்பு இழைகள் புள்ளிப்புள்ளியாக, நெடுக்குவெட்டில் ஜன்னல் கம்பி போலக் கோடுகோடாகத் தெரிந்தால் ஹீமாஞ்சியோமா. எம்.ஆர்.ஐ.யிலேயே ஒரு கூடுதல் வரிசை எடுக்கலாம். கொழுப்பும் நீரும் ஒத்துப்போகும், எதிர்ப்படும் இரு கட்டங்களில் படமெடுத்து, ஒளி 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் பரவலாக இருக்க வாய்ப்பு குறைவு. இது சில நிமிட வேலைதான். ஸ்கேன் சீட்டில் எழுதினால் எடுப்பார்கள், எழுதாவிட்டால் எடுக்கமாட்டார்கள்.

ஒரே எச்சரிக்கை: கால் மரத்துப்போவது, நடை தடுமாறுவது, சிறுநீர் வராமல் நின்றுபோவது இருந்தால் இந்த வரிசையெல்லாம் பார்க்கக் கூடாது. பரவலோ ஹீமாஞ்சியோமாவோ, தண்டுவடம் அழுந்துகிறது என்று பொருள்; அன்றைக்கே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

கல்லீரல்: நான்கு வழிகள், நான்கு பலவீனங்கள்

கல்லீரல் ஹீமாஞ்சியோமாவின் அடையாளம் நேரத்தில் இருக்கிறது. மருந்து முதலில் ஓரங்களில் விட்டுவிட்டுத் திட்டுத்திட்டாக ஏறும். பிறகு நடுவை நோக்கி மெல்ல நிரம்பும். ஒவ்வொரு கட்டத்திலும் மகாதமனி எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு வெளிச்சமாக இருக்கும். பரவலில் ஓரம் தொடர்ச்சியான வளையமாக ஒளிரும். கடைசிக் கட்டத்தில் மங்கும். ஆனால் புற்றுநோயாளிகளுக்கு வழக்கமாக எடுக்கும் சி.டி. 70 விநாடியில் ஒரே ஒரு கட்டம். ஒரே கட்டத்தில் இரண்டையும் பிரிக்க முடியாமல் போவது ரேடியாலஜிஸ்ட்டின் தவறல்ல.

எனவே முதல் தேர்வு மூன்று கட்ட சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா? 2 செ.மீ.க்கு மேல் என்றால் மூன்று கட்ட சி.டி.யே பெரும்பாலும் போதும். தமனிக் கட்டம் சுமார் 35 விநாடி, அடுத்தது 70 விநாடி, கடைசியாக ஐந்து நிமிடமாவது காத்திருந்து ஒன்று. ஆனால் இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. சென்னை மே மாத வெயிலில் இரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் தாம்பரத்திலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ ரயிலேறி வருபவருக்கு, கீமோவில் ஏற்கெனவே சுருங்கிய நரம்பு கிடைக்காது. புறங்கையில் நீல நிற 22 கேஜ் வென்ஃப்ளானை (மெல்லிய ஊசிக்குழாய்) போட்டு, விநாடிக்கு 3 மி.லி.க்குப் பதிலாக 1.5 மி.லி. வேகத்தில் மருந்து போகும். தமனிக் கட்டம் கெட்டுப்போகும். ஸ்கேன் எடுத்ததற்கே பயனில்லை. விரதம் என்றால் சாப்பாடு வேண்டாம் என்பதுதான். தண்ணீர் எவ்வளவு நேரம் வரை குடிக்கலாம் என்று சென்டரில் முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கை மடிப்பில் சற்றுப் பெரிய, ரோஸ் நிற 20 கேஜ் போட முடியுமா என்று கேளுங்கள். கீமோ போர்ட் வழியாகச் செலுத்துவதானால், அது அழுத்தத்தைத் தாங்கும் வகையா என்று போர்ட் அட்டையைக் காட்டி உறுதிசெய்த பிறகே.

ஒரு செ.மீ. அளவிலான சிறிய ஹீமாஞ்சியோமா பலவும் ஓரத்திலிருந்து நடு நோக்கி நிரம்புவதில்லை. தமனிக் கட்டத்திலேயே பளிச்சென்று முழுதும் நிரம்பிவிடும். ரத்த ஓட்டம் மிகுந்த பரவலும் அப்படித்தான். இங்கே எம்.ஆர்.ஐ. தெளிவாகவே மேல். ஹீமாஞ்சியோமா தேங்கிய ரத்தம் என்பதால், டி2-வில் எதிரொலி நேரத்தை நீட்டினாலும் வெள்ளையாகவே இருக்கும், பரவல் மங்கும். நியூரோஎண்டோக்ரைன் கட்டியின் பரவலும், சளி போன்ற திரவம் சுரக்கும் கட்டிகளின் பரவலும் டி2-வில் அதேபோல ஒளிரலாம் என்பதால், அந்த ஒரு வரிசையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

எம்.ஆர்.ஐ. என்று முடிவானால் எந்த மருந்து என்பது அடுத்த கேள்வி. பலரும் விலை கூடியதே சிறந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கல்லீரல் செல்கள் உறிஞ்சிக்கொள்ளும் காடாக்ஸெட்டேட் மருந்து, குடல் புற்றுநோயில் எத்தனை பரவல் இருக்கிறது என்று எண்ணி அறுவை சிகிச்சை திட்டமிட மிகச் சிறந்தது. ஆனால் ஹீமாஞ்சியோமாவா என்ற கேள்விக்கு அதுவே குழப்பும். மூன்றாவது நிமிடத்திலேயே சுற்றியுள்ள கல்லீரல் மருந்தை உறிஞ்சி ஒளிரத் தொடங்கிவிடும். ஹீமாஞ்சியோமா ஒப்பீட்டில் கறுத்து, மருந்து வெளியேறியது போலத் தோன்றும். எனவே கேள்வி "இது ஹீமாஞ்சியோமாவா" என்பது மட்டுமானால் சாதாரண காடோலினியமே நல்லது. ஆக்ஸாலிபிளாட்டின் கீமோ முடிந்து மாதங்களோ வருடங்களோ கழித்துப் புதிதாகப் புள்ளிகள் முளைத்தால் காடாக்ஸெட்டேட்தான் வேண்டும். அந்தக் கீமோ கல்லீரலின் நுண் ரத்தக்குழாய்களைப் பாதிப்பதால் உண்டாகும் தீங்கற்ற முடிச்சுகள் 20-ஆம் நிமிடக் கட்டத்தில் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பரவல் கறுப்பாகவே நிற்கும்.

கிரியாட்டினின் கூடியவர்களுக்கு நுண்குமிழி மருந்து செலுத்தி எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஒரு நல்ல வழி. அந்த மருந்து சிறுநீரகத்தைத் தொடுவதில்லை. பரவலில் மருந்து பெரும்பாலும் ஓரிரு நிமிடத்துக்குள் வடிந்துவிடும், ஹீமாஞ்சியோமாவில் நிலைத்து நிற்கும். ஒரு தடவையில் ஒன்றிரண்டு புள்ளிகளைத்தான் பார்க்க முடியும், செய்பவரின் கையைப் பொறுத்தது, பருத்த உடம்பில் ஆழத்தில் இருப்பது தெரியாது.

நான்காவது, இப்போது பலரும் மறந்துவிட்ட ரத்தச் சிவப்பணு ஸ்கேன். நோயாளியின் சிவப்பணுக்களிலேயே டெக்னீஷியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருளைச் சேர்த்து, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ஸ்பெக்ட்-சி.டி.யில் பார்ப்பது. ரத்தம் தேங்கும் இடம் விளக்கு போல ஒளிரும். 2 செ.மீ.க்கு மேல் ஒளிர்ந்தால் அநேகமாக ஹீமாஞ்சியோமாவேதான். உடம்பில் பேஸ்மேக்கர் போன்ற காரணத்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதவருக்கு இது பெரிய உதவி. ஒரு செ.மீ. புள்ளிக்கு இதைச் செய்து, ஒளிரவில்லை என்பதால் பரவல் என்று முடிவெடுப்பது மட்டும் கூடாது. அவ்வளவு சிறியதை இது காட்டாது.

நுரையீரல், மூளை

நுரையீரல் முடிச்சுக்கு ஊசி போடுமுன் கேட்க வேண்டியது: உள்ளே போகும் தமனியும் வெளியே வரும் சிரையும் தெரிகிறதா? இரண்டும் தெரிந்தால் ஏ.வி.எம். ஒரு குழாய் மட்டும் முடிச்சை நோக்கிப் போவது போதாது, பரவலிலும் அப்படி ஒரு குழாய் தெரியும். 1 மி.மீ. அடுக்கில் இதைப் பார்க்க மருந்துகூட வேண்டாம். உறுதிப்படுத்த, உப்புநீரைக் கலக்கிக் குமிழிகளாக்கி நரம்பில் செலுத்தி எக்கோ பார்ப்பார்கள். வலது இதயத்தில் தெரிந்த குமிழிகள் மூன்று முதல் ஐந்து துடிப்புக்குப் பிறகு இடது பக்கமும் தென்பட்டால் நுரையீரலில் குறுக்குவழி இருக்கிறது. படுத்திருந்தவர் உட்கார்ந்தாலோ நின்றாலோ விரல் ஆக்சிமீட்டர் அளவு இறங்குவதும் ஒரு குறிப்பு.

ஏ.வி.எம்.முக்கு ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்தான ரத்தப்போக்கு வரலாம். இந்த ஒரு இடத்தில் மட்டும் பயாப்ஸி என்பது ஒப்பிட வேண்டிய வழியே அல்ல. ஏ.வி.எம். என்று தெரிந்தால் அதோடு விட்டுவிடவும் கூடாது. அடிக்கடி மூக்கில் ரத்தம், உதட்டிலும் நாக்கிலும் விரல் நுனியிலும் சிவப்புப் புள்ளிகள், அப்பா அம்மாவுக்கோ அண்ணன் தங்கைக்கோ இதே தொல்லை என்று இருந்தால் எச்.எச்.டி. என்னும் பரம்பரைக் கோளாறு. குடும்பத்தாரையும் பரிசோதிக்க வேண்டும். ஊட்டும் தமனி 2 முதல் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் காயில் (உலோகச் சுருள்) வைத்து அடைப்பது வழக்கம். அடைக்காதவரை ரத்தக்கட்டி நேராக மூளைக்குப் போக வழி திறந்தே இருக்கிறது. கீமோ ட்ரிப்பில் காற்றுக்குமிழி போகாமல் வடிகட்டி போடுவதும், பல் பிடுங்குமுன் ஆன்டிபயாடிக் எடுப்பதும் இவர்களுக்குக் கட்டாயம்.

மூளையில் பல கேவர்னோமாக்கள் இருந்தால் ரத்தம் கசிந்த பரவல் என்று தவறாகப் படிக்கப்படலாம். ரத்தக் கசிவின் தடத்தைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. வரிசை எடுத்த எம்.ஆர்.ஐ. இங்கே தீர்ப்பு சொல்லும். சோளப்பொரி போன்ற நடுப்பகுதி, சுற்றி இரும்புச்சத்து படிந்த கறுப்பு வளையம், புதிதாகக் கசிந்திருந்தாலொழிய வீக்கம் இல்லை, சில சமயம் பக்கத்தில் ஒரு தடித்த சிரை. சந்தேகம் தீராவிட்டால் 6 முதல் 8 வாரத்தில் மறு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டே மூளை முழுவதற்குமான கதிர்வீச்சை யோசிப்பது நியாயம். அந்தக் கதிர்வீச்சு நினைவாற்றலில் விட்டுச்செல்லும் பாதிப்பைத் திரும்பப் பெற முடியாது.

பெட் ஸ்கேன் என்ன சொல்லும், என்ன சொல்லாது

பெட் ஸ்கேன் புற்றுநோயில் மிகப் பயனுள்ள கருவி; உடம்பில் வேறெங்காவது பரவல் இருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்லது குறைவு. ஆனால் ஒரு குறிப்பிட்ட புள்ளி ரத்தக்குழாயா என்ற கேள்விக்கு அது மறைமுகமாகத்தான் பதில் சொல்லும். பெட் ஸ்கேனுக்குச் செலுத்தும் எஃப்.டி.ஜி. என்னும் சர்க்கரையை அந்தப் புள்ளி உறிஞ்சவில்லை என்றால் ஹீமாஞ்சியோமாவாக இருக்கலாம். அல்லது புள்ளி 8 மி.மீ.க்கும் சிறியதாக இருக்கலாம். அல்லது மூலநோயே சர்க்கரை உறிஞ்சாத வகையாக, லோபுலர் மார்பகப் புற்றுநோயாகவோ சளி சுரக்கும் குடல் புற்றுநோயாகவோ சிறுநீரகப் புற்றுநோயாகவோ இருக்கலாம். மூலக்கட்டி ஒளிர்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவே ஒளிராதபோது சந்தேகப் புள்ளி ஒளிராததற்கு எந்த அர்த்தமும் இல்லை.

புராஸ்டேட் புற்றுநோய்க்கு எடுக்கும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனில் சிக்கல் எதிர்த்திசையில். முதுகெலும்பு ஹீமாஞ்சியோமாக்கள் அந்த மருந்தை உறிஞ்சி ஒளிரலாம். ஒற்றை எலும்பில் மங்கலான ஒளி, ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் நோயைக் காட்டும் புரதம்) அளவு குறைவு என்ற நிலையில், அந்த எலும்பின் சி.டி. படத்தைத் தனியாகப் பார்க்காமல் சிகிச்சையை மாற்றக் கூடாது. அந்த சி.டி. பெட் ஸ்கேனிலேயே இருக்கிறது, யாராவது எலும்பு ஜன்னலில் (எலும்பைத் தெளிவாகக் காட்டும் பட அமைப்பில்) திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மார்பகப் புற்றுநோயாளிக்கு ஊசி நோய் இல்லாத பக்கக் கையில் போடப்பட வேண்டும். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் அந்தப் பக்க அக்குள் நெறி பொய்யாக ஒளிரும்.

பயாப்ஸியா, காத்திருப்பதா

கல்லீரல், எலும்புப் புள்ளிகளுக்கு ஸ்கேன்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டாலோ, முடிவு சிகிச்சையின் திசையையே மாற்றும் என்றாலோ பயாப்ஸியைத் தள்ளிப்போடக் கூடாது. ஹீமாஞ்சியோமா நடுவில் நார்த்திசுவாகி இறுகிவிட்ட வகையில் எந்த ஸ்கேனும் தெளிவு தராது, ஊசிதான் வழி. ஆனால் முன்பே ஹீமாஞ்சியோமா என்ற சந்தேகத்தைச் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் ஊசி நேராகக் கட்டிக்குள் போகாமல் இடையில் இயல்பான கல்லீரல் திசு இருக்கும்படி பாதை போடுவார்கள். ரத்தம் கசிந்தால் அந்தத் திசு அழுத்தி நிறுத்தும். ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.5-க்குள், பிளேட்லெட் 50,000-க்கு மேல் இருப்பது வழக்கமான நிபந்தனை. கீமோவில் இருப்பவர்களுக்குப் பிளேட்லெட் சரிந்திருக்கும் என்பதால் அன்று காலை ரத்தப் பரிசோதனை அவசியம். ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையை நிறுத்துவதானால் இதய மருத்துவரைக் கேட்டுத்தான்.

பயாப்ஸியின் உண்மையான குறை ரத்தப்போக்கு மட்டுமல்ல. ஹீமாஞ்சியோமாவில் ஊசி போட்டால் பலமுறை வெறும் ரத்தம்தான் வரும்; பேத்தாலஜி ரிப்போர்ட் "முடிவு சொல்லப் போதுமான திசு இல்லை" என்று வரும். அதைப் "புற்றுநோய் இல்லை" என்று படித்துவிடும் குடும்பங்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு.

காத்திருந்து மறு ஸ்கேன் எடுப்பது, புள்ளி மிகச் சிறியதாகவும் இப்போதைய சிகிச்சை எப்படியும் மாறாது என்றும் இருக்கும்போது நல்ல வழி. 8 முதல் 12 வாரம் என்பது வழக்கமான இடைவெளி. இடையில் கீமோ நடந்தால் பதிலைப் படிப்பது கொஞ்சம் நுணுக்கமானது. மற்ற கட்டிகளெல்லாம் சுருங்கி இந்தப் புள்ளி மட்டும் அசையாமல் இருந்தால் அது ரத்தக்குழாய் அமைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எல்லாமே ஒன்றாகச் சுருங்கினால் அது பரவல். எலும்பில் மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றும்: குணமாகும் பரவல் முன்பைவிட வெள்ளையாகத் தெரியும், புதிதாக முளைத்தது போலக்கூட இருக்கும்.

சீட்டில் என்ன எழுதச் சொல்வது

ஸ்கேன் சென்டர்களில் பெரும்பாலான நேரம் "வயிறு சி.டி., கான்ட்ராஸ்ட்" என்று இரண்டு சொல் மட்டுமே உள்ள சீட்டுதான் போய்ச் சேர்கிறது. கேள்வி சீட்டில் இல்லாவிட்டால் பதிலும் ரிப்போர்ட்டில் இருக்காது. மருத்துவரிடம் இப்படி எழுதித் தரச் சொல்லலாம்: மூலநோய் எது, எந்தத் தேதி ஸ்கேனில் எந்த உறுப்பில் எத்தனை செ.மீ. புள்ளி, "ஹீமாஞ்சியோமாவா பரவலா", தாமதக் கட்டம் வேண்டும், கீமோ போர்ட் எந்தப் பக்கம், முன்பு ஊசி எந்தக் கையில். முந்தைய டிஸ்க்கையும் கையோடு கொண்டுபோய்க் கவுன்ட்டரிலேயே கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். ரிப்போர்ட் அடித்த பிறகு கொடுத்தால், ஒப்பிட்டுத் திருத்தி எழுத இன்னும் ஒரு வாரம் போகும்.

அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் குறைந்த கட்டணத்தில் எடுக்கிறார்கள். மருந்தில்லாத ஒரு சி.டி. போதும் என்ற இடத்தில் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், எதற்கு முன் அனுமதி தேவை என்று மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் ஸ்கேனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அறுவை மருத்துவர், கீமோ மருத்துவர், ரேடியாலஜிஸ்ட் மூவரும் சேர்ந்து உட்காரும் ட்யூமர் போர்டு உள்ள மருத்துவமனை என்றால், சந்தேகப் புள்ளியை அதில் வைக்கச் சொல்லிக் கேட்பதற்குக் குடும்பத்தாருக்கு முழு உரிமை உண்டு. நான்காம் நிலை என்று கேஸ் ஷீட்டில் எழுதுமுன் அங்கே கேட்க வேண்டிய கேள்வி: இந்தப் புள்ளியில் மருந்து எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்று யாராவது பார்த்தார்களா? இல்லை என்றால், அதைப் பார்த்த பிறகு மறுபடி கூடி முடிவெடுக்கச் சொல்லுங்கள்.